மேஃப்ளவரில் வந்த ஜான் ஹவ்லண்ட் என் சம்பந்தியின் மூதாதையா?

கேள்வி: ஜனவரி 11

மகளை ஓஹையோவில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். சம்பந்தி வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்ட வம்சாவளித் தாள் ஒன்று தொங்குகிறது. 1620இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிகளைக் கொண்டுவந்த மேஃப்ளவர் கப்பலில் வந்த ஜான் ஹவ்லண்ட், மனைவி கவர்னர் கார்வரின் மகள் எலிசபெத், அங்கிருந்து பத்துத் தலைமுறை இறங்கிக் கடைசி வரியில் சம்பந்தியின் தாத்தா. தலைப்பில் சிங்கம் போட்ட குலச்சின்னம். பேரன் இதைப் பள்ளியில் கட்டுரையாக எழுதப் போகிறான், சரிபார்த்துச் சொல்லுங்கள் தாத்தா என்கிறான். நான் கூட்டுறவு வங்கியில் கணக்குப் பார்த்தவன். இதை எங்கிருந்து பிடிப்பது? தாளில் இருப்பது உண்மைதானா?

பதில்: ஜனவரி 11, இரவு

இரண்டாவது வரியே தவறு. ஹவ்லண்டின் மனைவி எலிசபெத் டில்லி. அந்தக் குடியேறிகளின் முதல் கவர்னர் கார்வருடைய ஊழியராகக் கப்பலேறியவர் ஹவ்லண்ட். அந்த உறவைப் பின்னால் வந்தவர்கள் மாமனார் மருமகன் உறவாக உயர்த்திவிட்டார்கள்.

இந்தத் தவறை வைத்தே தாளின் வயதை ஊகிக்கலாம். கப்பலில் வந்தவர்கள் மாசசூசெட்ஸில் அமைத்த பிளிமத் குடியேற்றத்தின் கவர்னராகப் பல ஆண்டுகள் இருந்த வில்லியம் பிராட்ஃபோர்ட் கைப்பட எழுதிய வரலாறு பாஸ்டனில் ஒரு தேவாலய நூலகத்தில் இருந்தது. அமெரிக்கப் புரட்சிப் போர்க் காலத்தில் காணாமல் போனது. லண்டன் பிஷப்பின் ஃபுல்ஹாம் மாளிகை நூலகத்தில் அது இருப்பதை 1855இல் கண்டுபிடித்தார்கள். 1856இல் அச்சாயிற்று. கைப்பிரதி மாசசூசெட்ஸுக்குத் திரும்பியது 1897இல்தான். அதன் பின்னிணைப்பில் கப்பலில் வந்தவர்களின் பட்டியலும், ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்து அவர்களில் யார் இருக்கிறார்கள், யாருக்கு எத்தனை பிள்ளைகள் என்ற கணக்கும் உண்டு. ஹவ்லண்ட் ஜான் டில்லியின் மகள் எலிசபெத்தை மணந்தார், இருவரும் உயிரோடு இருக்கிறார்கள், பிள்ளைகள் பத்துப் பேரும் நலம், மூத்த மகளுக்கு நான்கு குழந்தைகள், இரண்டாம் மகளுக்கு ஒன்று, ஆக மொத்தம் 15 என்று பிராட்ஃபோர்ட் கூட்டியே காட்டிவிடுகிறார். உங்களுக்கு அந்த மனிதரைப் பிடிக்கும்.

அது அச்சாகும்வரை கார்வர் மகள் கதையைத்தான் ஊரே நம்பியது. பிளிமத்தில் பரியல் ஹில் கல்லறையில் சந்ததியார் நட்ட கல்லிலும் அப்படித்தான் வெட்டியிருந்தார்கள். பிறகு கல்லை மாற்றினார்கள். ஆகவே உங்கள் தாளைத் தயாரித்தவர் 1856க்கு முந்தியவராக இருக்க வேண்டும், அல்லது அதற்குப் பின் வந்தும் படிக்காதவராக இருக்க வேண்டும். இரண்டாம் வகையினர்தான் உலகத்தில் அதிகம்.

ஜனவரி 12

டில்லி என்பது குடும்பப் பெயர். ஊர் அல்ல. கேட்டவருக்கு.

ஜனவரி 12, மாலை

"ஊழியர் என்று எழுதிச் சம்பந்தி மனத்தைப் புண்படுத்த வேண்டாம்" என்று ஒருவர் அறிவுரை சொல்லியிருக்கிறார். புண்பட இதில் ஒன்றுமில்லை. அந்தக் காலத்து ஊழியம் பெரும்பாலும் வயது சார்ந்தது. கொஞ்சம் படித்த இளைஞனும் சில ஆண்டு ஒப்பந்தத்தில் இன்னொருவர் வீட்டில் இருப்பான். குடியேற்றத்தைத் தாங்களே ஆள்வது என்று கப்பலிலேயே எழுதப்பட்ட மேஃப்ளவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட 41 பேரில் ஹவ்லண்டும் ஒருவர். கார்வர் 1621 வசந்தத்தில் இறந்தார், மனைவியும் விரைவில் போய்விட்டார். 1634இல் கென்னபெக் ஆற்றங்கரையில் பிளிமத்தின் வணிக நிலையத்துக்குப் பொறுப்பாளர் யார் என்று பாருங்கள். அதே ஊழியர்தான்.

நடுக்கடலில் அவர் விழுந்த கதை உண்மையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பிராட்ஃபோர்டே எழுதியிருக்கிறார். புயலில் மேல்தளத்துக்கு வந்தவர் கப்பல் சாய்ந்ததில் தூக்கி எறியப்பட்டார். பக்கவாட்டில் தொங்கிய பாய்மரக் கயிறு ஒன்று கைக்குக் கிடைத்தது. பல பாகம் ஆழத்துக்கு மூழ்கியும் அதை விடவில்லை. கயிற்றோடு இழுத்து, கொக்கி போட்டுத் தூக்கினார்கள். பின்னால் அவர் வழியில் பிறந்த இரண்டு ஜார்ஜ் புஷ்களும் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் நடிகர் ஹம்ஃப்ரி போகார்ட்டும் அந்தக் கயிற்றில்தான் தொங்கிக்கொண்டிருந்தார்கள். உங்கள் சம்பந்தியும் தொங்கினாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஜனவரி 13

சிங்கத்தை மறந்துவிடுங்கள். இங்கிலாந்தில் குலச்சின்னம் ஒரு மனிதருக்கும் அவருடைய நேர் வாரிசுகளுக்கும் வழங்கப்படுவது. குடும்பப் பெயர் ஒன்றாக இருப்பதால் யாருக்கும் வந்துசேராது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20இன் தொடக்கத்திலும் பணம் சேர்ந்த அமெரிக்கக் குடும்பங்களுக்கு வம்சாவளி எழுதித் தருவது நல்ல தொழில். ஸ்வீடனில் பிறந்து நியூயார்க் ஸ்டேட்டன் தீவில் கடை விரித்த குஸ்தாவ் அஞ்சூ அதில் மன்னர். உண்மையான பதிவுகள் நாலைந்தை நடுவில் வைத்து, இல்லாத உயில்களையும் இல்லாத ஞானஸ்நானங்களையும் கோத்து, வாடிக்கையாளரைப் பிரபு வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பார். 1942இல் இறந்தார். அவருடைய சரக்கு இன்றும் இணையத்துக் குடும்ப மரங்களில் புழங்குகிறது. உங்கள் தாளில் சிங்கத்தை நிரூபிக்கும் பொறுப்பு அதை வரைந்தவருடையது, உங்களுடையது அல்ல.

ஜனவரி 14

டெக்ஸாஸிலிருந்து ஒருவர்: "எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பெயரே ஹவ்லண்ட். அப்படியானால் அவரும் மேஃப்ளவர் வழிதானே?"

இல்லை. அமெரிக்க வம்சாவளிக்காரர்களிடையே ஒரு பழைய கேலி உண்டு: யாரைக் கேட்டாலும் மூன்று சகோதரர்கள் கப்பலில் வந்தார்கள், ஒருவர் வடக்கே போனார், ஒருவர் தெற்கே போனார், மூன்றாமவர் காணாமல் போனார் என்பார்கள். பத்துக்கு ஒன்பது கட்டுக்கதை. ஹவ்லண்ட் விஷயத்தில் மட்டும் மூன்று சகோதரர்கள் உண்மையாகவே வந்துவிட்டார்கள். ஜான் 1620இல் வந்தார். ஆர்தரும் ஹென்றியும் பிறகு வந்தார்கள். அவர்கள் இருவரும் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் பக்கம் சாய்ந்து பிளிமத் நீதிமன்றத்தில் அபராதம் கட்டியே ஓய்ந்தவர்கள். ஆர்தரின் மகன் இளைய ஆர்தர், கவர்னர் தாமஸ் பிரென்ஸின் மகள் எலிசபெத்தைத் தகப்பன் சம்மதமின்றிக் காதலித்தார் என்று அபராதம் விதித்தார்கள். கட்டினார். மறுபடி காதலித்தார். கடைசியில் 1667இல் கல்யாணமே நடந்தது.

குடும்பப் பெயர் ஹவ்லண்ட் என்று இருந்தால் ஆர்தர் வழியாகவோ ஹென்றி வழியாகவோ இருக்கலாம், கப்பலுக்குத் தொடர்பே இருக்காது. எதிர்ப்பக்கமும் உண்டு. ஜானுக்கு ஆறு மகள்கள் என்பதால் அவர் வழி வந்த பலருக்கு அந்தப் பெயரே கிடையாது. மூத்தவள் டிசையர் பார்ன்ஸ்டபிளின் கோரம் குடும்பத்துக்குப் போனாள், ஹோப் அதே ஊரின் சிப்மன் குடும்பத்துக்கு. பெண் வழியைப் பார்க்காமல் தேடுகிறவர்கள் பாதி மரத்தை வெட்டிவிட்டுத் தேடுகிறார்கள்.

ஜனவரி 15

இங்கிலாந்துப் பக்கம் பற்றிக் கேட்டவருக்கு. ஹவ்லண்ட் குடும்பம் ஹண்டிங்டன்ஷரில் ஃபென்ஸ்டன்டன் கிராமம். பெற்றோர் ஹென்றி, மார்கரெட். ஒரே பெயரில் இங்கிலாந்து முழுக்க ஆட்கள் இருக்கும்போது இதே ஜான்தான் அதே ஜான் என்று எப்படிச் சொல்கிறார்கள்? லண்டனில் துணி வணிகராக இருந்த அண்ணன் ஹம்ஃப்ரி 1646இல் எழுதிய உயில். நியூ இங்கிலாந்தில் ஒருவரிடமிருந்து வர வேண்டிய கடனை அங்கிருக்கும் ஆர்தர், ஜான், ஹென்றி ஆகிய சகோதரர்களுக்குப் பங்கு பிரிக்கிறார். கடலின் இருகரையையும் சேர்த்துக் கட்டும் ஒரே ஒரு தாள் அது. இப்படி ஒரு தாள் இல்லாமல், "பெயர் பொருந்துகிறது, வயது ஏறக்குறைய பொருந்துகிறது" என்று ஏதோ ஒரு தேவாலயத்துப் பதிவேட்டோடு முடிச்சுப் போட்டிருந்தால் நம்பாதீர்கள். பதிவேடு எழுதச் சொல்லி 1538இல் உத்தரவு போட்டதால் ஜான்களுக்குப் பஞ்சமே இல்லை.

எலிசபெத்தின் ஞானஸ்நானம் பெட்ஃபோர்ட்ஷரில் ஹென்லோ கிராமத்தில், 1607 ஆகஸ்ட் 30. இதைக் கண்டுபிடித்து அச்சிட்டது 1970களில்தான். அவளுடைய தாய் ஜோன் ஹர்ஸ்டுக்கு டில்லி இரண்டாம் கணவர். முதல் கணவர் பெயர் தாமஸ் ராஜர்ஸ். மேஃப்ளவரிலும் ஒரு தாமஸ் ராஜர்ஸ் இருந்தார், அவர் வேறு ஆள். இந்த இருவரையும் ஒருவராக்கிய மரங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

டில்லி தம்பதி முதல் குளிர்காலத்திலேயே போய்விட்டார்கள். கப்பலில் வந்த 102 பேரில் ஏறக்குறைய பாதிப் பேர் அந்தக் குளிரைத் தாண்டவில்லை. பதின்மூன்று வயதில் அநாதையான பெண்தான் பின்னால் பத்துப் பிள்ளை பெற்றாள்.

ஜனவரி 17

மாட்டுக்குப் பெயர் வைப்பது நம் ஊரில் மட்டும் என்று நினைப்பவர்களுக்கு: 1627இல் பிளிமத்தில் மாடுகளைப் பங்கிட்டார்கள். பன்னிரண்டு குழு, குழுவுக்குப் பதின்மூன்று பேர். நான்காவது பங்கு ஹவ்லண்ட் குழுவுக்கு. அவர்களுக்கு விழுந்த கிடேரி ஜேக்கப் என்ற கப்பலில் வந்தது, பெயர் ராக்ஹார்ன். குழந்தைகள் உட்பட ஒவ்வொருவர் பெயரையும் எழுதியிருப்பதால் வம்சாவளிக்காரர்களுக்கு இந்த மாட்டுக் கணக்கு அருமையான சான்று. ஜான் ஹவ்லண்ட், எலிசபெத், குட்டி ஜான், டிசையர் நால்வரும் அந்தத் தேதியில் உயிரோடு இருந்ததற்கு ராக்ஹார்னே சாட்சி. குழுவில் இருந்தவர்களில் ஜான் ஆல்டனும் பிரிசில்லாவும் உண்டு.

பேரன் கட்டுரைக்கு இது சிங்கத்தைவிட நல்ல விலங்கு.

ஜனவரி 18

ஆண்டுக் குழப்பம். ஹவ்லண்ட் இறந்தது 1672 பிப்ரவரி 23 என்று ஒரு மரம், 1673 என்று இன்னொரு மரம், இரண்டில் எது சரி என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும். 1752 வரை இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் ஆண்டு மார்ச் 25இல்தான் மாறும். அதனால் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் முக்கால் மாதத்துக்கு 1672/73 என்று இரட்டை ஆண்டு போடுவார்கள். இது தெரியாமல் ஒற்றை ஆண்டை எடுத்துக்கொண்டால், ஏப்ரலில் கல்யாணமானவர்களுக்கு அடுத்த மார்ச் முதல் வாரத்தில் பிறந்த குழந்தை, கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே பிறந்தது போல் ஆகிவிடும். கணக்காளருக்கு நிதியாண்டு தெரியும் என்பதால் இதற்கு மேல் விளக்க மாட்டேன்.

ஜனவரி 20

இப்போது முக்கியமான விஷயம். ஒன்பது நாளாக எல்லோரும் கப்பலைப் பற்றியே கேட்கிறீர்கள். கப்பலில் எந்தச் சிக்கலும் இல்லை. ஹவ்லண்டின் முதல் ஐந்து தலைமுறையைப் பெரிய ஆராய்ச்சியாளர்கள் உயில் உயிலாக, பதிவேடு பதிவேடாகச் சல்லடை போட்டு நூல்களாக்கிவிட்டார்கள். மேஃப்ளவர் சந்ததியார் சங்கம் 1897இல் தொடங்கியது. அவர்களிடம் போனால் ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, மணம், இறப்புச் சான்று கேட்பார்கள். மேல் ஐந்தும் புத்தகத்தில் உண்டு. கீழ் நான்கும் உங்கள் பெட்டியில் உண்டு. நடுவில் 1780 முதல் 1850 வரை ஒரு பள்ளம். தாள்கள் எல்லாம் விழுவது அங்கேதான்.

பள்ளத்துக்குக் காரணம் இதுதான். மாசசூசெட்ஸ் ஊர்களில் ஊராட்சி எழுத்தர் பிறப்பு, மணம், இறப்பை எழுதி வைத்தார். 1850 வரையிலான அந்தப் பதிவுகள் ஊர் ஊராக அச்சிலேயே கிடைக்கின்றன. அதே குடும்பம் நிலம் தேடி மேற்கே நியூயார்க்குக்குப் போனதும் திரை விழுந்துவிடும். நியூயார்க் மாநிலத்தில் முறையான பதிவு 1880இல்தான் வருகிறது. ஓஹையோவில் கவுண்டி அளவில் 1867. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790 முதல் உண்டு என்றாலும் 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டும். மனைவியும் பிள்ளைகளும் வயதுக் கட்டங்களில் வெறும் கோடுகள். 1850இல்தான் வீட்டில் உள்ள எல்லாரும் பெயரோடு வருகிறார்கள். அடிமைகள் அப்போதும் வரவில்லை, அவர்களுக்குத் தனி அட்டவணை, அதில் பெயரே இல்லை. அந்தச் சந்ததியார் தேடுவது எப்படி என்று யோசித்தால் நம் பள்ளம் பள்ளமே அல்ல.

என் மருமகள் வீட்டு வழியும் இங்கேதான் நின்றது. நியூயார்க்கின் மேற்குப் பகுதியில் ஒரு விவசாயி, 1850 கணக்கெடுப்பில் "பிறந்தது மாசசூசெட்ஸ்" என்று மட்டும் இருக்கிறது. எந்த ஊர், யார் மகன் ஒன்றும் இல்லை. ஒரு பெரிய இணையதளத்தில் நூற்றுக்கணக்கான மரங்கள் அவருக்கு ஒரே தகப்பனைக் கொடுத்திருந்தன. எல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. அந்தத் தகப்பன் இவர் பிறப்பதற்கு இரண்டாண்டு முன்பே இறந்தவர்.

வழி திறந்தது நிலப் பத்திரத்தில். தகப்பன் செத்தால் பிள்ளைகள் பங்கை விற்பார்கள். தூரத்தில் இருப்பவரும் கையெழுத்துப் போட்டாக வேண்டும். மாசசூசெட்ஸ் கவுண்டி ஒன்றின் பதிவு அலுவலகத்தில் கிடைத்த பத்திரத்தில் ஐந்து சகோதரர்களும் அக்கா தங்கைகளின் கணவன்மார்களும் வரிசையாக நிற்கிறார்கள், ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் நியூயார்க்கில் எங்கள் விவசாயியின் ஊர். கணவன் "மனைவியின் உரிமையில்" கையெழுத்திட்டிருந்தால் மகள் யாருக்கு வாழ்க்கைப்பட்டாள் என்பதும் வந்துவிடும். பிறந்த சான்றிதழ் இல்லாத காலத்தில் பாகப்பிரிவினைச் சண்டைதான் சான்றிதழ்.

இன்னொன்று. 18ஆம் நூற்றாண்டு மாசசூசெட்ஸ் ஊர்களில் புதிதாக வந்து தங்கியவர்களுக்கு "ஊரை விட்டுப் போ" என்று அறிவிப்புக் கொடுப்பார்கள். நிஜமாகத் துரத்துவது அபூர்வம், நாளைக்கு வறுமையில் விழுந்தால் ஊர்ச் செலவில் சோறு போட முடியாது என்பதற்கான முன்னேற்பாடு அது. அறிவிப்பில் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று எழுதியிருக்கும். ஊர்க்காரர்கள் கஞ்சத்தனத்துக்கு எழுதியது, நமக்குப் புதையல்.

ஆகவே தாளில் ஆறாவது, ஏழாவது, எட்டாவது வரிகளை மட்டும் அப்படியே இங்கே எழுதுங்கள். மற்றதை யாரும் கேட்கவில்லை.

ஜனவரி 21

"வெள்ளைக்காரன் பாட்டனைத் தேட நமக்கென்ன வேலை" என்று ஒருவர். பேரன் இங்கே கேள்வி கேட்டவருடைய பேரன், பாதி அந்தப் பக்கத்துப் பிள்ளை. உங்களுக்கு வேலை இல்லை என்றால் இழையைத் தாண்டிப் போகலாம்.

ஆனால் அதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடு. பிளிமத் இருந்த இடத்தில் அதற்கு முன் பட்டுக்செட் என்ற வாம்பனோவாக் பழங்குடியினரின் ஊர் இருந்தது. 1616 முதல் சில ஆண்டுகள் பரவிய கொள்ளைநோயில் அந்த ஊரே காலியானது. உழுது பண்படுத்திய காலி நிலத்தில்தான் இவர்கள் இறங்கினார்கள். பேரன் கட்டுரையில் ஒரு பத்தி இதற்கு வேண்டும்.

ஜனவரி 23

மரபணுச் சோதனை எடுத்தால் தெரிந்துவிடாதா? தெரியாது. உங்கள் சம்பந்தியிலிருந்து பதினொரு படி மேலே போனால் 2048 மூதாதை இடங்கள். அவர்களில் பெரும்பாலோரிடமிருந்து ஒரு துணுக்குகூட அவர் உடம்பில் வந்திருக்காது. வராவிட்டாலும் அவர்கள் மூதாதையர்தான். வந்தாலும் எந்தத் துணுக்கு ஹவ்லண்டுடையது என்று பெயர் எழுதியிருக்காது. தகப்பன் மகன் என்று ஒற்றைக் கோட்டில் இறங்கினால் ஒய் குரோமோசோம் உதவும், தாய் மகள் கோட்டுக்கு மைட்டோகாண்ட்ரியா. நடுவில் ஒருமுறை பாலினம் மாறினால் இரண்டும் போயிற்று. சோதனை பயன்படும் இடம் 1800ஐ ஒட்டிய பள்ளம். அங்கே ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட உறவுகளோடு பொருத்திப் பார்க்கலாம். அதையும் பத்திரத்துக்குத் துணையாக.

ஜனவரி 26

சென்னையிலிருந்து எழுதியவர் பழைய சட்டக் கல்லூரி வளாகத்துக் கல்லறையை நினைவுபடுத்துகிறார். இழைக்கு வெளியே போனாலும் பொருத்தமான உதாரணம். யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எலிஹு யேல் 1649இல் பாஸ்டனில் பிறந்தவர். குடும்பத்தின் வேர் வேல்ஸில் ரெக்ஸம் பக்கம். பாட்டி ஆன், நியூ ஹேவன் குடியேற்றத்தின் கவர்னர் தியோஃபிலஸ் ஈட்டனை மறுமணம் செய்தவர். எலிஹுவைச் சிறுபிள்ளையாகவே இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி, 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் கவர்னர். கோட்டையின் புனித மேரி தேவாலயத்தில் 1680இல் கல்யாணம். சிறுவனாகவே இறந்த மகன் டேவிட்தான் அந்தக் கல்லறையில் இருப்பது.

ஆக அமெரிக்காவில் யேல் பெயரோடு இருப்பவர்கள் "நாங்கள் எலிஹு வழி" என்று சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள். நியூ ஹேவனில் தங்கிவிட்ட சித்தப்பா தாமஸ் வழியாகத்தான் அங்கே பெயர் தொடர்ந்தது. ஹவ்லண்ட் சகோதரர்கள் கதையேதான்.

ஜனவரி 30

வரிகள் வந்துவிட்டன. ஏழாம் வரியில் 1797இல் பிறந்த ஒரு பெண், "ஹவ்லண்ட் குடும்பத்தவள்" என்று மட்டும் குறிப்பு. கணவரின் பெயர் தெளிவாக இருக்கிறது. 1816இல் மணம், ஓஹையோவில் பண்ணை, 1850 கணக்கெடுப்பில் அவள் பிறந்தது மாசசூசெட்ஸ். 1880 கணக்கெடுப்பிலும் இருக்கிறாள், விதவை, மகன் வீட்டில். அவள் தகப்பன் என்று தாள் சொல்லும் ஹவ்லண்டுக்கு அந்தப் பெயரில் மகள் இருந்ததற்கு அச்சான பதிவுகளில் எதுவும் இல்லை. பார்த்துவிட்டேன்.

ஓட்டை இங்கேதான். ஆனால் இந்த அம்மாள் நீண்ட நாள் வாழ்ந்து நமக்கு உதவியிருக்கிறாள். கணவர் வயதைப் பார்த்தால் பிரிட்டனோடு நடந்த 1812 போரில் ஏதாவது குடிப்படையில் இருந்திருக்க வேண்டும். 1878 சட்டப்படி 14 நாள் பணி செய்தவரின் விதவைக்கும் ஓய்வூதியம் உண்டு. மனுவில் கல்யாணத்துக்கு முந்தைய பெயர், மணந்த இடம், தேதி எல்லாம் எழுதச் சொல்வார்கள். அந்தக் கோப்புகளை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கணவர் பெயரில் தேடுங்கள். கையெழுத்தைப் படிக்கும் வேலை பேரனுக்கு.

பிப்ரவரி 2

கோப்பு வரும்வரை ஒரு கதை. மேலே சொன்ன ஹென்றி ஹவ்லண்ட் வழியினர் நியூ பெட்ஃபோர்டில் திமிங்கில வேட்டையில் பெரும் பணம் சேர்த்தார்கள். சில்வியா ஆன் ஹவ்லண்ட் 1865இல் இறந்தபோது, சொத்து முழுவதையும் கேட்டு வந்தவர் அவருடைய சகோதரி மகள் ஹெட்டி ராபின்சன். பின்னாளில் வால் ஸ்ட்ரீட்டைக் கலக்கிய ஹெட்டி கிரீன் அவர்தான். அவர் நீட்டிய தாளில் இருந்த கையெழுத்து, உயிலில் இருந்த கையெழுத்தின் அச்சு அசலாக இருந்தது. அதுதான் வினை. ஹார்வர்டின் கணித மேதை பெஞ்சமின் பியர்ஸும் மகன் சார்ல்ஸும் கையெழுத்திலுள்ள 30 கீழ்வீச்சுகளை அளந்து, ஒருவர் இரண்டு முறை இயல்பாக இப்படிப் போட வாய்ப்பே இல்லை என்று நிகழ்தகவு கணக்கோடு சாட்சி சொன்னார்கள். வழக்கு வேறொரு சட்டக் காரணத்தில் முடிந்தது. ஆனால் நீதிமன்றத்தில் புள்ளியியல் நுழைந்த முக்கியமான வழக்குகளில் இது ஒன்று.

வம்சாவளிக்கும் அதே பாடம்: எல்லாம் மிகச் சரியாகப் பொருந்தினால் இன்னொரு முறை பாருங்கள்.

பிப்ரவரி 19

கோப்பு கிடைத்துவிட்டது என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். விதவை கல்யாணத்துக்கு முந்தைய பெயரைத் தெளிவாகச் சொல்கிறாள்: சிப்மன். ஹவ்லண்ட் அல்ல. கூடவே தம்பியின் வாக்குமூலம், அக்கா கல்யாணத்தில் நான் இருந்தேன், நாங்கள் பார்ன்ஸ்டபிள் கவுண்டி சாண்ட்விச்சில் வளர்ந்தவர்கள் என்று.

"அப்படியானால் தாள் மொத்தமும் பொய்யா? சம்பந்தியிடம் எப்படிச் சொல்வேன்?" என்று கேட்கிறார்.

அவசரப்படாதீர்கள். ஜனவரி 14 குறிப்பைப் பாருங்கள். ஹவ்லண்டின் மகள் ஹோப்பை மணந்தவர் ஜான் சிப்மன், பார்ன்ஸ்டபிளில் சபை மூப்பர், பிறகு சாண்ட்விச்சுக்குக் குடிபோனவர். பிராட்ஃபோர்ட் "இரண்டாம் மகளுக்கு ஒன்று" என்று எழுதினாரே, அந்த மகள்தான் ஹோப். அவளுடைய கல்லறைக் கல் பார்ன்ஸ்டபிள் லோத்ரப் ஹில்லில் இருக்கிறது. வீட்டில் "நாங்கள் ஹவ்லண்ட் வழி" என்று பாட்டிகள் சொல்லிக்கொண்டே வந்ததை, பெண் வழி எழுதத் தெரியாத ஒருவர் ஹவ்லண்ட் பெயருள்ள தகப்பனைத் தேடிப் பிடித்து ஒட்டியிருப்பார் என்பது என் ஊகம். தாள் தவறு, பாட்டிகள் சரி என்று வர நல்ல வாய்ப்பு இருக்கிறது.

பிப்ரவரி 20

ஜான் சிப்மன் பற்றித் தனியாக ஒரு குறிப்புப் போட ஆசை. முதல் குடியேறிகளில் தன் பூர்வீகத்தைத் தானே எழுதி வைத்தவர்கள் மிகக் குறைவு. இவர் எழுதினார். 1658 பிப்ரவரியில் (பழைய கணக்கில் 1657) ஒரு அறிக்கை: நான் டார்செட்டில் டார்செஸ்டருக்கு ஐந்து மைல் தொலைவிலுள்ள பிரின்ஸ்பிட்டல் ஊரில் இறந்த தாமஸ் சிப்மனின் ஒரே மகன், 1637 மே மாதம் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டேன், என் தகப்பனுக்கு வர வேண்டிய சொத்தை உறவினர் ஏமாற்றிக்கொண்டார். இன்றைய வரைபடத்தில் அந்த ஊர் பிரையன்ட்ஸ்படில். பங்காளித் தகராறில்லாமல் இருந்திருந்தால் இந்தத் தகவல் நமக்குக் கிடைத்திருக்காது. ஆங்கிலேயப் பாட்டனைத் தேடுகிறோம் என்று தொடங்கினோம், பேரனுக்கு ஹவ்லண்டைவிட இவர் சொந்த வாயால் பேசும் பாட்டன்.

பிப்ரவரி 23

நிலவரம். புத்தகங்கள் ஐந்தாம் தலைமுறை வரையும், அவர்களுடைய பிள்ளைகளின் பெயர் வரையும் கொண்டுவந்து விடும், அதாவது 1760ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். உங்கள் விதவை ஏழாம் தலைமுறை. அவள் தகப்பன் எந்தச் சிப்மன் என்ற ஒரே கண்ணிதான் பாக்கி. சாண்ட்விச்சில் அந்தக் காலத்தில் சிப்மன் வீடுகள் ஒன்றுக்கு மேல், ஆகவே ஊகம் வேண்டாம்.

பத்திரம் தேடுங்கள் என்று மேலே நீட்டி முழக்கியிருந்தேன். பார்ன்ஸ்டபிளுக்கு அது செல்லாது. 1827இல் கவுண்டி நீதிமன்றக் கட்டடம் எரிந்தது, நிலப் பதிவேடுகளில் பெரும்பாலானவை சாம்பல். உயில், வாரிசு ஆவணங்கள் தப்பின. தகப்பன் சீக்கிரம் இறந்திருந்தால் மைனர் பிள்ளைகளுக்குக் காப்பாளர் நியமித்த தாள் இருக்கும், அதில் பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். வாக்குமூலம் கொடுத்த தம்பியின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். அக்கா தம்பி இருவரும் ஒரே தாளில் வந்தால் வேலை முடிந்தது. தம்பியின் பெயர் சற்று அபூர்வமானது, அது நல்லது. ஜான் என்றிருந்தால் நான் இந்த இழையை விட்டே ஓடியிருப்பேன்.

பிப்ரவரி 24

கட்டுரை வெள்ளிக்கிழமை தர வேண்டுமாம். தரட்டும். சிப்மன் வழி, ஒரு கண்ணி சரிபார்ப்பில் என்று எழுதினால் போதும், மாட்டின் பெயரை மட்டும் பிழையில்லாமல் எழுதச் சொல்லுங்கள். பார்ன்ஸ்டபிள் வாரிசு ஆவணங்களில் காப்பாளர் நியமனங்களுக்குத் தனி அட்டவணை இருந்தால் 1797க்குப் பிறகான இருபது ஆண்டுகளை முதலில் பாருங்கள். சிப்மன் பெயரை எழுத்தர்கள் சிப்பன், ஷிப்மன் என்றெல்லாம் எழுதுவார்கள், அவற்றையும் விடாதீர்கள்.